சக்கர நாற்காலிப் பயணியைப் பேருந்தில் ஏற்றி இறக்கும் முறை: ஓட்டுநருக்கும் உடன் வருபவருக்கும்

சிங்கப்பூரில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய பொதுப் பேருந்துகள் 2006இல் ஓடத் தொடங்கின. 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துச் சேவைகளிலும் அத்தகைய வண்டிகளே ஓடுகின்றன. தாழ்தளம், பின்கதவில் மடிப்புச் சாய்வுப்பலகை, உள்ளே நாற்காலிக்கென்று இடம், கைக்கெட்டும் உயரத்தில் நீல மணி என்று வண்டிக்குள் வேண்டியது இருக்கிறது. அப்படியும் ஒருவர் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே தங்கிவிட்டால், வண்டி நின்ற இடத்தை முதலில் பாருங்கள். நடைபாதை விளிம்புக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள ஓர் அடிக்குள்தான் இந்தச் சேவை நடக்கிறது அல்லது நடக்காமல் போகிறது. அதனால் இந்தக் குறிப்பில் அந்த ஓர் அடிக்கே அதிக இடம்.

முதலில் ஒரு கணக்கு

தாழ்தளப் பேருந்தின் தரை சாலையிலிருந்து ஏறத்தாழ 32 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஓட்டுநர் விசையை அழுத்திக் கதவுப் பக்கத்தைத் தாழ்த்தினால் சுமார் 25 செ.மீ.க்கு இறங்கும். நடைபாதை விளிம்பு 15 செ.மீ. உயரம், பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

விளிம்பை ஒட்டி நிறுத்தி, வண்டியைத் தாழ்த்தினால் ஏற வேண்டிய உயரம் 10 செ.மீ. அதாவது பத்துக்கு ஒன்று என்ற சரிவு. கைவலிமை உள்ளவர் தாமே உருட்டிக்கொண்டு ஏறிவிடுவார். தாழ்த்த மறந்தால் 17 செ.மீ., ஆறுக்கு ஒன்று. பின்னாலிருந்து ஒருவர் தள்ளியே ஆக வேண்டும். விளிம்பை விட்டு விலகி நிறுத்தி, பலகை சாலையில் போய் ஊன்றினால், தாழ்த்திய பிறகும் 25 செ.மீ., நாலுக்கு ஒன்று. அந்தச் சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். தள்ளுபவர் பலசாலியாக இருந்தாலும் அது ஆபத்துதான். நம் கட்டடங்களின் சாய்தளங்களுக்குச் சட்டம் கேட்பதே பன்னிரண்டுக்கு ஒன்று என்பதை நினைத்துப் பார்த்தால், விலகி நிறுத்திய ஒரு மீட்டர் அந்தப் பயணிக்கு என்ன செய்கிறது என்று புரியும்.

வண்டி பணிமனையை விட்டுப் புறப்படும் முன்

சாய்வுப்பலகையை முழுதாக விரித்து, முழுதாக மடித்துப் பாருங்கள். கைப்பிடியைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. பலகை படியும் குழியில் மணலும் காய்ந்த இலையும் பயணச்சீட்டுத் துண்டும் சேரும். மழைநீர் தேங்கிக் கீலில் துரு ஏறும். இவற்றால் பலகை சமமாகப் படியாமல் ஒரு மூலை தூக்கி நிற்கும். அந்த மூலையில் வெள்ளைக்கோலும் இடறும், முதியவரின் காலும் இடறும். கைப்பிடிப் பட்டை அறுந்திருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். நடுவழியில் விரல் நுழைத்து நெம்பினால் நகம் போய்விடும். பலகையின் மேலுள்ள சொரசொரப்புப் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மழை நாளில் அதுதான் பிடிமானம்.

பிறகு வண்டியைத் தாழ்த்தும் விசை, நீல மணி, உள்ளே நாற்காலி சாய்ந்து நிற்கும் முதுகுப் பலகையின் திருகுகள், நாற்காலி இடத்திலுள்ள மடக்கு இருக்கை தானாக மேலே எழுகிறதா என்பது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை. ஒன்று கெட்டிருந்தாலும் அந்த வண்டியின் ஒரு பகுதி பயணிகளுக்கு அது ஓடாத வண்டி.

நிறுத்தத்தை நெருங்கும்போது

நாற்காலியில் இருப்பவர் நின்று கை காட்டுபவரைவிடத் தாழ்வாக இருப்பார். விளம்பரப் பலகைக்கும் தூணுக்கும் பின்னால் மறைந்துவிடுவார். ஆகவே நிறுத்தத்தை நெருங்கும்போதே கண்ணை இடுப்பு உயரத்துக்கு இறக்கி ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டால் கையை உயர்த்திக் காட்டுங்கள். ‘பார்த்துவிட்டேன், வருகிறேன்’ என்று தெரிந்தால் அவர் பதறி விளிம்புக்கு உருட்டிக்கொண்டு வர மாட்டார்.

நெரிசல் நேரத்தில் மூன்று நான்கு பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். மூன்றாவதாக நின்று கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவது வழக்கமாகிவிட்ட ஒன்று. மற்றவர்கள் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவராலும் பார்வை இல்லாதவராலும் அது முடியாது. பின்னால் நின்றவர்களை ஏற்றியிருந்தாலும், முன்வண்டிகள் போனபின் நகர்ந்து வந்து அவர் முன்னால் இரண்டாம் முறை நிறுத்துங்கள்.

நிறுத்தும் இடத்தைப் பின்கதவை வைத்து முடிவு செய்யுங்கள். பழக்கம் முன்கதவை வைத்து நிறுத்தச் சொல்லும். இங்கே அது உதவாது. பின்கதவுக்கு எதிரே பாதுகாப்புத் தடுப்புக் கம்பம், குப்பைத்தொட்டி, மரத்தடி, வடிகால் மூடி எதுவும் இருக்கக் கூடாது. பலகை விரிந்து முடியும் இடத்துக்கு அப்பால் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். நம் நிறுத்தங்கள் பலவற்றில் தடுப்புக் கம்பங்கள் இருப்பதால் இதுதான் அடிக்கடி தவறும் இடம். பலகையை விரித்த பிறகு நேர் எதிரே கம்பம் நிற்பதைக் கண்டால், பலகையை மடித்து, வண்டியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்துங்கள். கம்பத்துக்கும் பலகைக்கும் நடுவே நாற்காலியைக் கோணலாகத் திணித்து ஏற்ற முயல்வதுதான் ஒரு சக்கரம் பலகையின் ஓரத்தைவிட்டு நழுவக் காரணம்.

வண்டி விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒட்டிப் பின்பக்கம் சாலையை நோக்கி விலகியிருந்தால் முன்கதவுக்கு வசதி, பின்கதவுக்குப் பள்ளம். நிறுத்தத்தின் உள்வளைவில் வேறு வண்டி நின்று இடத்தை மறித்தால் இப்படித்தான் நேரும். அது விலகும்வரை காத்திருப்பதே சரி.

ஏற்றுவது

நிறுத்து பிரேக்கைப் போட்டு, வண்டியைத் தாழ்த்தி, பின்கதவைத் திறந்து இறங்குபவர்களை இறங்க விடுங்கள். முன்கதவை நாற்காலி ஏறும்வரை மூடி வைப்பது நல்லது. முதலில் கூட்டம் ஏறிவிட்டால் நாற்காலி இடத்தில் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள், பிறகு ஒவ்வொருவரையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

இறங்கிப் பயணியிடம் போய் முதலில் பேசுங்கள், பிறகு பலகையைத் தொடுங்கள். பக்கத்தில் மகளோ பணிப்பெண்ணோ நின்றாலும் கேள்வி நாற்காலியில் இருப்பவருக்குத்தான். “ஆன்ட்டி, எங்க இறங்கணும்?” “தள்ளிவிடவா, நீங்களே ஏறிக்குவீங்களா?” தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் முதியவரிடம் ஒரு தமிழ்ச்சொல் சொன்னால் அவர் தோள் தளர்வதைப் பார்க்கலாம். மொழி தெரியாவிட்டாலும் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி விரலால் காட்டினால் போதும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலகையை விரிக்கும்போது எதிரே யாரும் நிற்கவில்லை என்று பார்த்து, கையால் பிடித்தபடியே இறக்குங்கள். பாதியில் விட்டால் விளிம்பில் இடித்துக் கீல் வளையும். பலகையின் முழு அகலமும் தரையில் படிகிறதா என்று காலால் மிதித்துப் பாருங்கள்.

கையால் உருட்டும் நாற்காலி என்றால் முகம் வண்டியை நோக்கி ஏற வேண்டும். தள்ளுபவர் பின்னால் இருந்து, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, நிற்காமல் சீரான வேகத்தில் தள்ள வேண்டும். பலகையின் அடிவிளிம்பில் முன்சக்கரங்கள் சிக்கும். அப்போது வேகத்தைக் கூட்டி முட்டித் தள்ளினால் பயணி முன்னால் சரிந்து விழுவார். சற்றுப் பின்னே இழுத்து, முன்சக்கரங்களை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்துத் தொடருங்கள். கைத்தாங்கியையோ கால்தாங்கியையோ பிடித்துத் தூக்காதீர்கள். அவை கழன்று வரும்படி செய்யப்பட்டவை.

மின்சக்கர நாற்காலியைத் தள்ளவும் கூடாது, தூக்கவும் கூடாது. நாற்காலியே நூறு கிலோவுக்கு மேல் இருக்கலாம். பலகையை நேராக வைத்துக் கொடுத்து, ஓரமாக நின்று ‘கொஞ்சம் இடது’, ‘நேரா வாங்க’ என்று சொன்னால் போதும். அவருக்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டாம்.

பயண அட்டையை எந்தக் கருவியில் தட்டுவது என்று ஓட்டுநரே சொல்லிவிடுங்கள். இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம்வரை கட்டணம் போகும், அதையும் சொல்லுங்கள்.

உள்ளே நிறுத்தும் திசை

இதைச் சமரசமில்லாமல் சொல்ல வேண்டும். பயணி வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி, நாற்காலியின் முதுகு முதுகுப் பலகையோடு ஒட்டியபடி, இரு பக்கப் பிரேக்கும் போட்டபடி இருக்க வேண்டும். மின்நாற்காலியானால் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். திடீர்ப் பிரேக் போடும்போது உடல் போகும் திசை வண்டி போகும் திசை. பின்னோக்கி உட்கார்ந்தவரை அந்த விசை பலகையோடு சேர்த்து அழுத்தும், பலகை தாங்கிக்கொள்ளும். வார் இல்லாமலே இது பாதுகாப்பாக இருப்பது இதனால்தான். முன்னோக்கி உட்கார்ந்தால் தாங்க எதுவும் இல்லை.

பக்கவாட்டில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கூட்டத்தில் திருப்ப இடமில்லை, இரண்டே நிறுத்தம்தான் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வளைவிலேயே நாற்காலி சாயும். நாற்காலியின் சக்கரங்கள் முன்பின்னாக உருளும்போது பிரேக் பிடிக்கும், பக்கவாட்டில் கவிழும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. இரண்டு நிறுத்தமானாலும் திருப்பி நிறுத்திய பிறகே வண்டியை எடுங்கள்.

நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பையை உடன் வருபவர் முதலில் கழற்றி மடியில் வைக்க வேண்டும். தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறி மூட்டை கைப்பிடியில் தொங்கினால் இரண்டு கேடு: ஏறும்போது எடை பின்னால் போய் நாற்காலி மல்லாந்துவிடும், உள்ளே வந்தபின் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே பை நுழைந்து ஒரு சாண் இடைவெளி விடும். அந்த இடைவெளி அளவுக்கு நாற்காலி சறுக்கிப் போய்ப் பலகையில் மோதும்.

ஒரு முக்கியமான வேறுபாடு. முதியோர் பராமரிப்பு நிலையங்களின் சிறு வேன்களிலும், கோயில் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் மின்தூக்கி வைத்த வேன்களிலும் இந்தப் பின்னோக்கிய முறையைச் செய்யாதீர்கள். சிறு வண்டியின் குலுக்கலும் பிரேக்கும் கடுமை. அங்கே நாற்காலி முன்னோக்கி நின்று, நான்கு மூலையும் வாரால் தரையோடு இறுக்கப்பட்டு, பயணிக்குத் தனியாக இருக்கைப் பட்டையும் போட வேண்டும். வாரை நாற்காலியின் பற்றவைத்த சட்டத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கால்தாங்கியிலோ மாட்டினால் இழுவையில் பிய்ந்து வரும்.

இடம் நிறைந்திருந்தால்

2017 ஏப்ரலிலிருந்து குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்காமலே பேருந்தில் கொண்டுவரலாம். அது நிற்பதும் பெரும்பாலும் இதே இடத்தில். சக்கர நாற்காலி வந்தால் அதற்கே முன்னுரிமை. தள்ளுவண்டியை மடிக்கச் சொல்லலாம். இந்த வேண்டுகோளை ஓட்டுநர்தான் வைக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவரை மற்றொரு தாயிடம் கெஞ்ச வைப்பது முறையாகாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மடிப்பது ஒரு கைக்குக் கடினம் என்பதால், பக்கத்தில் நிற்பவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஏற்ற முடியாத நெரிசல் என்றால் அப்படியே கடந்து போய்விடாதீர்கள். நிறுத்தி, அவரிடம் நேரில் சொல்லி, கட்டுப்பாட்டு நிலையத்துக்கு நிறுத்தத்தின் எண்ணோடு தெரிவியுங்கள். அடுத்த வண்டியின் ஓட்டுநர் தயாராக வருவார். ஏற்றிய பிறகு ஏற்பட்ட தாமதத்தையும் அப்படியே தெரிவித்துவிட்டால், முன்பின் வண்டிகளின் இடைவெளியை அவர்கள் சரிசெய்துகொள்வார்கள். நேரத்தை மீட்கப் பறக்க வேண்டியதில்லை. நாற்காலி ஏறியிருக்கும் வண்டியில் அதுதான் மிக மோசமான எண்ணம்.

இறக்குவது

நீல மணியின் ஒலி மற்ற மணிகளிலிருந்து வேறுபட்டது. அதைக் கேட்டதும் நிறுத்தும் இடத்தை யோசிக்கத் தொடங்குங்கள். மணி அழுத்தப்படாவிட்டாலும், ஏறும்போது சொன்ன நிறுத்தம் நினைவில் இருக்க வேண்டும். வண்டி முழுதாக நின்று பலகை விரியும்வரை பயணி பிரேக்கை எடுக்கக் கூடாது. இதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுவது உதவும், ஏனென்றால் மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் பலர் முன்கூட்டியே பிரேக்கை விடுவார்கள். கையால் உருட்டும் நாற்காலி பின்னோக்கியே இறங்க வேண்டும். தள்ளுபவர் கீழே நின்று, தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்தபடி, எடையைத் தாங்கிக்கொண்டு ஓரடி ஓரடியாக வர வேண்டும்.

நாற்காலி இல்லாத தேவைகள்

பார்வை இல்லாதவருக்கு வேண்டியது தகவல். வெள்ளைக்கோலோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தால், அவர் கை காட்டாவிட்டாலும் நிறுத்தி, கதவைத் திறந்து எண்ணையும் போகும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “147, கிளமெண்டி.” எண் மட்டும் போதாது, எதிர்த்திசையில் போகும் வண்டிக்கும் அதே எண்தான். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். ‘அந்தப் பக்கம்’, ‘இங்க’ போன்ற சொற்கள் அவருக்கு எதையும் காட்டா. ‘வலது கைப்பக்கம், இரண்டடி தள்ளி இருக்கை’ என்று சொல்லுங்கள். வழிகாட்டி நாயோடு வந்தால் நாயும் ஏறும். யாரும் அதைத் தடவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்த பிறகே வண்டி நகரட்டும்.

காது கேளாதவருக்கு முகத்தைக் காட்டிப் பேசுங்கள். முகக்கவசம் இருந்தால் கைப்பேசியில் எழுதிக் காட்டலாம்.

மறதிநோய் உள்ளவர், மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளவர் இவர்களின் தேவை கண்ணுக்குத் தெரியாது. உதவி தேவை என்பதையோ இருக்கை வேண்டும் என்பதையோ காட்டும் அட்டையைக் கழுத்துப் பட்டையில் சிலர் அணிந்திருப்பார்கள். ரயில் நிலையங்களிலும் பேருந்து முனையங்களிலும் உள்ள பயணிகள் சேவை நிலையங்களில் அவற்றைக் கேட்டு வாங்கலாம். அப்படி ஒருவர் நிறுத்தத்தைத் தவறவிட்டால் நடுவழியில் இறக்கிவிடாதீர்கள். முனையம்வரை அழைத்துப் போய் ஊழியரிடம் ஒப்படையுங்கள். பாதியில் இறங்கினால் அவர் எதிர்ப்பக்க நிறுத்தத்தைத் தேடிச் சாலையைக் கடக்கப் பார்ப்பார்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன், குடும்பத்தாருக்கு

நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். பேருந்தில் ஏறக்கூடிய உச்ச அளவு நீளம் 120 செ.மீ., அகலம் 70 செ.மீ., உயரம் 150 செ.மீ.; பயணியோடு சேர்ந்த எடை 300 கிலோ. நீளத்தைக் கால்தாங்கியோடு, கால் வைத்த நிலையில் அளக்க வேண்டும். கடையில் எழுதியிருக்கும் நீளம் பெரும்பாலும் கால்தாங்கி இல்லாதது. நடக்க இயலாதவர் உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டர் வாங்குவதாக இருந்தால் வாங்கும் முன்பே இந்த அளவை வைத்துக் கேளுங்கள். வெளியே ஓடும் சில வகைகள் பேருந்துக்குள் திரும்பா.

வீட்டிலிருந்து நிறுத்தம்வரை ஒருமுறை நாற்காலியோடு போய்ப் பாருங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் நேரம் போதாவிட்டால், விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் மூத்தோர் அல்லது உடற்குறையுள்ளோர் சலுகை அட்டையைத் தட்டுங்கள். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடிவரை கூடுதலாகக் கிடைக்கும். எல்லாச் சந்திப்பிலும் அந்தக் கருவி இராது. உடற்குறையுள்ளோர் சலுகை அட்டை இல்லாதவர்கள், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பை அணுகலாம். அதன் அலுவலகம் ரெட்ஹில் எம்ஆர்டிக்கு அருகே லெங்கோக் பாருவில், எனேபிளிங் வில்லேஜில் இருக்கிறது.

பேருந்து வருகையைக் காட்டும் செயலிகளில் நேரத்தோடு நெரிசலும் நிறத்தில் தெரியும். பச்சை என்றால் உட்கார இடம் உண்டு, மஞ்சள் என்றால் நிற்கலாம், சிவப்பு என்றால் நிற்கவும் இடம் குறைவு. சிவப்பு வண்டியை விட்டுவிட்டு அடுத்த பச்சைக்குக் காத்திருப்பது பத்து நிமிடம் போனாலும் லாபம். முதல் பயணத்தைக் காலை பத்து மணிக்கு மேல், முனையத்திலிருந்து தொடங்குங்கள்: வண்டி நின்றுகொண்டிருக்கும், தரை சமம், ஊழியர்கள் பக்கத்தில் இருப்பார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை ஊர்வலப் பாதையில் பேருந்துகள் மாற்றி விடப்படும்; வழக்கமான நிறுத்தத்தை நம்பிப் போகாமல் முந்திய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தத்தில், ஓட்டுநருக்குத் தெரியும்படி தூண்களை விட்டு விலகி, விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே காத்திருங்கள். வண்டி தெரிந்ததும் கையை நன்றாக நீட்டுங்கள். முன்கதவுக்கு ஓடிப் போய்ச் சொல்ல ஒருவர் இருந்தால், நாற்காலியைப் பின்கதவு நிற்கக்கூடிய இடத்திலேயே பிரேக் போட்டு விட்டுப் போகட்டும்.

ஏற்றாமல் போனால், பலகை வேலை செய்யாமல் போனால், அன்றே புகார் எழுதுங்கள். சேவை எண், வண்டியின் பதிவு எண், நேரம், நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண் இந்த நான்கும் வேண்டும். நிறுத்த எண் பெயர்ப்பலகையில் இருக்கும். ‘பஸ் நிற்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் எந்த வண்டி என்று யாராலும் தேட முடியாது. தடுப்புக் கம்பமோ உடைந்த தரையோ காரணமென்றால் நிழற்படம் எடுத்து நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்புங்கள். அளவு தெரியும்படி ஓர் அளவுநாடாவை விரித்து வைத்துப் படமெடுத்தால் வேலை விரைவாக நடக்கும். நன்றாக ஏற்றி இறக்கிய ஓட்டுநரைப் பற்றியும் அதே நான்கு விவரங்களோடு எழுதிப் போடுங்கள். அவருடைய மேலதிகாரிக்கு அது வேறு வழியில் தெரியவராது.